கிழக்குச் சன்னலின் கருப்புத் துணி

பவுன்ராஜ் இறந்துபோன செய்தி வந்தபோது என் கையில் ஒரு பச்சைக் குழந்தையின் ரத்தம் இருந்தது. பிறந்து மூன்று நாளான குழந்தை. சிறிய கண்ணாடிக் குழாயில் எடுத்து, வெளிச்சம் படாதபடி கருப்புத் தாள் சுற்றி, வார்டிலிருந்து கீழே கொடுத்தனுப்பியிருந்தார்கள். செல்போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டேன். பேசியது ராஜாமணி சிஸ்டர். ஓய்வு பெற்றபின் பவுன்ராஜின் தெருவிலேயே குடியிருக்கிறவர்.

"அண்ணே, நம்ம பவுன்ராஜண்ணன் போயிட்டாக. காப்பி குடிச்சிக்கிட்டே நெஞ்சைப் பிடிச்சாகளாம். டம்ளர் கீழ விழுறதுக்குள்ள முடிஞ்சு போச்சுண்ணே."

உடனே ஓடியிருக்க வேண்டும். நான் ஓடவில்லை. அந்தக் குழாயை அப்படியே போட்டுவிட்டுப் போக முடியாது. பரிசோதனையை முடித்து, அளவை எழுதி, கையெழுத்துப் போட்ட பிறகுதான் செருப்பை மாட்டினேன். அவர் இருந்திருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்: "போனவரு எங்க போயிறப் போறாரு, மொதல்ல புள்ளையப் பாருங்கண்ணே."

இதைப் படிக்கும் உங்களில் பெரும்பாலோர் எங்கள் ஆஸ்பத்திரியில் அவரோடு வேலை பார்த்தவர்கள். அவர் வயர்மேன், ஜெனரேட்டர் ஓட்டுபவர், தண்ணீர் மோட்டார் பார்ப்பவர். லிஃப்ட் இல்லாத அந்தக் கட்டடத்தில் நடக்க முடியாதவர்களைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறியவரும் அவர்தான். நான் கீழே லேபில் இருக்கிறேன், இன்னும் ஆறு மாதத்தில் எனக்கும் ஓய்வு. அவரைப் பற்றி நாலு பக்கம் புகழ்ந்து எழுதச் சொன்னால் என்னாலும் முடியும். உங்களுக்குத் தெரிந்த பாதி அதில் வந்துவிடும். தெரியாத பாதியைச் சொல்லத்தான் நான் உட்கார்ந்தேன். அது அவரைவிட என்னைப் பற்றியது, ஆகவே கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வார்டில் வேலை பார்க்காதவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பிறந்த குழந்தைக்கு மஞ்சள் பிடிப்பது சாதாரணம், பெரும்பாலும் தானே போய்விடும். சில குழந்தைகளுக்குப் போகாது. முகத்தில் தொடங்கி மார்புக்கு வரும், வயிற்றுக்கு வரும், தொடைக்கு வரும். உள்ளங்காலுக்கு வந்துவிட்டால், ரத்தத்தில் ஏறிய அந்த மஞ்சள் மூளையைத் தொடும் நேரம் நெருங்கிவிட்டது என்று பொருள். அதற்கு முதல் வைத்தியம் வெளிச்சம். நீல டியூப் லைட்டுகளின் கீழே குழந்தையைத் துணியில்லாமல் கிடத்தி, கண்ணை மட்டும் கட்டிவிடுவார்கள். நீல வெளிச்சம் தோலுக்குள் போய் அந்த மஞ்சளை மாற்றிவிடும், மாறியதை உடம்பு வெளியே தள்ளிவிடும். கண்ணால் பார்க்கிற வெறும் வெளிச்சத்துக்குள் அவ்வளவு பலம் இருக்கிறது.

அந்த நீலத்துக்கு ஒரு கெட்ட குணமும் உண்டு. அது எரியும்போது மஞ்சள் கண்ணுக்குத் தெரியாது. விளக்கை அணைத்து, குழந்தையைச் சன்னலோரம் கொண்டுபோய், தோலை விரலால் அழுத்தி எடுத்துப் பார்க்க வேண்டும். விளக்கு எரிகிறவரைக்கும் எந்தக் குழந்தையைப் பார்த்தாலும் ஒன்றும் இல்லாதது போலவே இருக்கும்.

தொண்ணூற்றெட்டு, சித்திரை மாதம். பக்கத்தில் வீரபாண்டிக் கோயில் திருவிழா நடந்துகொண்டிருந்தது. எங்களிடம் இருந்தது ஒரே ஒரு நீல விளக்கு, அதில் ஆறு டியூப்கள். இரண்டு எரியவில்லை. டியூப் விற்கிற மதுரைக் கடையில் கேட்டால், அங்கேயும் சித்திரைத் திருவிழா, முடியட்டும் என்றார்கள். டாக்டரம்மா பவுன்ராஜைக் கூப்பிட்டு, ஏதாவது ஏற்பாடு செய்யச் சொன்னார். அவர் வேலை முடிந்த நேரங்களில் ஒரு லைட் செட்டுக்காரரிடமும் போய்க்கொண்டிருந்தார். பந்தலுக்குக் கட்டுகிற நீல டியூப் இரண்டை அங்கிருந்து கொண்டுவந்து மாட்டினார்.

மாட்டிவிட்டுத் தள்ளி நின்று பார்த்தார். புதியவை இரண்டும் கருநீலமாக இருந்தன, பழையவை நாலும் வெளிறி இருந்தன. திருவிழாவில் வேலை செய்கிற ஆளுக்கு அது எப்படிப் பொறுக்கும்?

"ஒண்ணு ஒரு மாதிரி, இன்னொண்ணு வேற மாதிரி. செட்டுன்னா ஒரே மாதிரி இருக்கணும் சிஸ்டர்" என்றார்.

எரிந்துகொண்டிருந்த நாலையும் கழற்றிவிட்டு இன்னும் நாலு பந்தல் டியூப் கொண்டுவந்து மாட்டினார். அறையே நீலத்தில் முங்கியது. ராஜாமணி சிஸ்டர் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். "ஆத்தாடி, இம்புட்டு நீலம் நான் பாத்ததே இல்ல!" நானும் மாடியேறிப் போய்ப் பார்த்துவிட்டு, நன்றாகத்தான் இருக்கிறது என்றேன். அந்த டியூப்கள் சாதாரண வெள்ளை டியூப்கள், மேலே நீலச் சாயம் பூசியவை என்பது எங்கள் யார் மண்டையிலும் ஏறவில்லை. உள்ளே பிறக்கிற வெளிச்சத்தில் பெரும்பகுதியை அந்தச் சாயமே விழுங்கிவிடும். கண்ணுக்கு நீலம் கூடும், வெளிச்சத்தின் பலம் போய்விடும். நல்ல டியூப்கள் நாலும் காகிதம் சுற்றி ஜெனரேட்டர் அறையில் கிடந்தன.

மறுநாள் மேகமலையிலிருந்து எஸ்டேட் ஜீப்பில் முத்துப்பேச்சி வந்தாள். தேயிலைக் கொழுந்து பறிக்கிறவள். தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீட்டிலேயே பிரசவமாகி மூன்றாம் நாள், பெண் குழந்தை. மஞ்சள் மார்புவரை இருந்தது. நான் ரத்தம் பார்த்தேன், விளக்கில் போட்டால் சரியாகிவிடுகிற அளவுதான். போட்டார்கள். முத்துப்பேச்சி பக்கத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து, நீலமாகத் தெரிந்த தன் பிள்ளையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அடுத்த நாள் காலை எட்டு மணிக்கு மறுபடி ரத்தம் எடுத்து அனுப்பினார்கள். திருவிழாவுக்கு என் உதவியாளர் விடுப்பு. சர்க்கரை பார்க்க வந்தவர்கள் வாசல்வரை நின்றார்கள். குழந்தையின் குழாயை மற்றவற்றோடு சேர்த்துக் கிழக்குச் சன்னல் திண்டில் இருந்த ஸ்டாண்டில் வைத்தேன். சித்திரை மாதத்துக் காலை வெயில் அதன்மேல் நேராக விழுந்தது. அதை நான் எடுத்தபோது பதினொரு மணி. குழந்தையின் உடம்பில் வெளிச்சம் செய்ய வேண்டிய வேலையை, என் சன்னலில் குழாய்க்குள் இருந்த ரத்தத்தில் செய்து முடித்திருந்தது. அளவு குறைந்திருந்தது. குறைகிறது என்று எழுதிக் கொடுத்தேன்.

வெளிச்சம் பட்டால் அந்த மஞ்சள் கரையும், குழாயை மூடி வைக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாதது அல்ல, படித்ததுதான். கூட்டத்தில் மறந்தேன் என்று பல வருடங்கள் எனக்கே சொல்லிக்கொண்டேன். மறதிகூட இல்லை, அசட்டை. மறுநாளும் அதே ஸ்டாண்டில்தான் வைத்தேன்.

அன்றைக்கு ராஜாமணி சிஸ்டர் ரிப்போர்ட்டைக் கையில் பிடித்துக்கொண்டு லேபுக்கே வந்தார்.

"ஏண்ணே, இது சரிதானா? லைட்டை அணைச்சுட்டு சன்னல்ல வச்சுப் பாத்தேன். வயித்துக்குக் கீழ இறங்கியிருக்கு. நீங்க கொறையுதுன்னு எழுதியிருக்கீக."

"மெஷின் பொய் சொல்லாது சிஸ்டர். உங்க கண்ணைக் கொண்டுபோய்க் காட்டுங்க" என்றேன்.

பக்கத்தில் நின்ற நாலு பேர் சிரித்தார்கள். எனக்கும் அது பிடித்திருந்தது. சிஸ்டர் ரிப்போர்ட்டை மடித்துக்கொண்டு படியேறிப் போனார்.

அதற்கு அடுத்த நாள் காலையில் குழந்தை பால் குடிக்கவில்லை. அழுகை மாறிவிட்டது, கீச்சென்று, இரும்பைத் தேய்ப்பது போல. முதுகை வில்லாக வளைத்தது. சிஸ்டர் விளக்கை அணைத்துவிட்டுப் பாதத்தைத் திருப்பிப் பார்த்திருக்கிறார். உள்ளங்கால் மஞ்சள். அவசரம் என்று கையோடு கொண்டுவந்த ரத்தத்தை நான் அந்த நிமிடமே பரிசோதித்தேன். வந்த அளவைப் பார்த்துவிட்டு மறுபடி பார்த்தேன். மூன்றாவது தடவையும் அதே அளவுதான். ஆம்புலன்சில் மதுரைக்கு அனுப்பினார்கள். அங்கே குழந்தையின் ரத்தத்தை மாற்றி ஏற்றினார்கள். உயிர் நின்றது, காது போய்விட்டது.

ஆம்புலன்ஸ் கிளம்பிய பிறகு, விளக்கை ஈரத்துணியால் துடைத்த ஆயாவின் துணியில் நீலம் ஒட்டியது. டியூபின் ஓரத்தில் சாயம் உரிந்த இடத்தில் பளீரென்று வெள்ளை வெளிச்சம் தெரிந்தது. மதியம் எல்லோரையும் டாக்டரம்மா அறைக்குக் கூப்பிட்டார். யாரும் கேட்பதற்கு முன்னால் பவுன்ராஜ் சொன்னார்.

"நான்தாம்மா. நல்லா எரிஞ்சதையும் கழட்டிட்டு நான்தான் இத மாட்டுனேன்."

டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். "அப்புறம் உங்க ரிப்போர்ட்ல எப்படிக் குறைஞ்சது?"

"சாம்பிள்ல ஏதாவது கோளாறு இருந்திருக்கும் மேடம்" என்றேன். சாம்பிள் தானாகவே போய் வெயிலில் உட்கார்ந்துகொண்டது போல! அவர் அதற்குமேல் கேட்கவில்லை. பழி சொல்ல ஒரு ஆள் எதிரிலேயே நின்றபோது இன்னொருவரைத் தேட யாருக்கும் தோன்றவில்லை. பவுன்ராஜை வேலையை விட்டு நிறுத்தினார்கள். ஜெனரேட்டரைச் சமாளிக்க வேறு ஆள் கிடைக்காமல் மூன்று மாதம் கழித்துத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார்கள். அதன்பிறகு அவருக்கு ஆஸ்பத்திரியில் பெயர் 'திருவிழா'. "திருவிழா வருதுடா" என்பார்கள். உங்களில் சிலரும் சொல்லியிருக்கிறீர்கள். நானும் சொல்லியிருக்கிறேன்.

திரும்பி வந்த வாரமே லேப் வாசலில் வந்து நின்றார். மஞ்சள் பிடித்த யாருடைய ரத்தமாவது பரிசோதனை முடிந்து மிச்சம் இருந்தால், மேலே தெளிந்து நிற்கிற மஞ்சள் நீர் வேண்டும் என்றார். எதற்கென்று கேட்டேன்.

"எரியுறது வேற, வேலை செய்யுறது வேறண்ணே. எரியுதான்னு கண்ணு சொல்லும். வேலை செய்யுதான்னு இதுதான் சொல்லணும்."

அந்த நீரை இரண்டு சிறு குழாய்களில் ஊற்றச் சொன்னார். எக்ஸ்ரே ஃபிலிம் பெட்டியில் வருகிற கருப்புத் தாளை ஒன்றின்மேல் சுற்றினார். இரண்டையும் நீல விளக்கின் கீழே வைத்து, சாயங்காலம் தாளைப் பிரித்து, பக்கத்தில் பக்கத்தில் பிடித்துப் பார்ப்பார். தாள் சுற்றாதது வெளுத்திருந்தால் விளக்கில் பலம் இருக்கிறது. இரண்டும் ஒரே மஞ்சளாக இருந்தால், எவ்வளவு நீலமாக எரிந்தாலும் அந்த டியூப்கள் குப்பைக்கு. வாரம் ஒருமுறை, பன்னிரண்டு வருடம். நன்றாக எரிகிறதை ஏன் கழற்றுகிறாய் என்று மேனேஜர் கத்துவார். இவர் இரண்டு குழாயையும் அவர் மூக்குக்கு நேரே நீட்டுவார். அவர் கழற்றிப் போட்ட டியூப்களில் ஒன்றுகூடக் கண்ணுக்கு மங்கலாக இருந்ததில்லை. நாள்பட நாள்பட நீலம் அப்படியே இருக்க, உள்ளே பலம் மட்டும் வடிந்துபோகும் என்பதை எங்களுக்குக் காட்டியவர் அவர்.

ஒரு வாரம் மூன்றாவதாக ஒரு குழாய் கேட்டார், கொடுத்தேன். பிற்பகலில் மூன்றையும் கொண்டுவந்து என் மேசையில் வரிசையாக வைத்தார். தாள் சுற்றியது மஞ்சள். விளக்கடியில் இருந்தது பாதி மஞ்சள். மூன்றாவது கிட்டத்தட்டத் தண்ணீர்.

"இத எங்க வச்ச?" என்று கேட்டேன். கேட்கும்போதே தெரிந்துவிட்டது.

"இங்கனதான், ஒங்க சன்னல்ல. காலைல நீங்க டீ குடிக்கப் போனீகள்ல, அப்ப வச்சேன்." கொஞ்சம் நிறுத்தினார். "இந்த வெயிலுக்கு நம்ம லைட்டவிடத் தெம்பு ஜாஸ்திண்ணே."

நான் அந்த மூன்றாவது குழாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அதை எடுத்துத் தொட்டியில் கவிழ்த்தார், கழுவினார், போய்விட்டார். என்ன செய்யப்போகிறார் என்ற பயத்தில் அந்த வாரம் முழுக்க நான் சரியாகச் சாப்பிடவில்லை. மாடியில் யாராவது என் பெயரைச் சொன்னால்கூடத் திடுக்கிட்டேன். திங்கட்கிழமை லேபைத் திறந்தால் உள்ளே இருட்டாக இருந்தது. கிழக்குச் சன்னலில் கனத்த கருப்புத் துணி, நாலு பக்கமும் சட்டம் வைத்து ஆணி அடித்திருந்தது.

"ஒங்களுக்கு வெயில் ரொம்ப அடிக்குதுன்னு நேத்து வந்து அடிச்சேன்" என்றார். அவ்வளவுதான். அன்று முதல் குழந்தைகளின் ரத்தம் கருப்புத் தாள் சுற்றித்தான் கீழே வந்தது. அதுவும் அவர் வார்டில் சொல்லிச் செய்த ஏற்பாடுதான்.

வருடம் தவறாமல் சித்திரையில் அந்தக் குழந்தையைப் பார்க்க அவர் மேகமலைக்குப் போவது எங்களுக்குத் தெரியும். ஒரு வருடம் நானும் வருகிறேன் என்றேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. ஜீப் அந்தக் கரடுமுரடான பாதையில் ஏற ஏற மூடுபனி இறங்கி, முன்னால் என்ன இருக்கிறது என்றே தெரியவில்லை. ஒவ்வொரு வளைவிலும் இறங்கித் திரும்பிவிடலாமா என்று நினைத்தேன். லைன் வீட்டு வாசலில் முத்துப்பேச்சி நின்றாள். அவரைப் பார்த்ததும் தொடங்கினாள்.

"வந்துட்டாரு! எம்புள்ள காதக் கெடுத்தவரு வந்துட்டாரு! கூப்பிட்டா திரும்பாதுங்க எம்புள்ள, பின்னால ஜீப்பு வந்தாலும் திரும்பாது!"

பவுன்ராஜ் கைகட்டி நின்று முழுவதையும் கேட்டார். பிறகு அவள் என்னைப் பார்த்து, நீங்க யாருங்கய்யா என்றாள். நான் சொன்னேன்.

"ரத்தம் பாத்தவுகளா?" அவள் முகமே மாறிவிட்டது. "அன்னைக்கி நீங்க பாத்துச் சொல்லலைன்னா எம்புள்ள இன்னைக்கி இல்லைங்கய்யா." உள்ளே போய்ப் பால் விடாத கட்டஞ்சாயா கொண்டுவந்து முதலில் எனக்குக் கொடுத்தாள். அதை நான் குடித்தேன்.

இறங்கி வரும்போது ஜீப்பில், திரும்பிப் போய் அவளிடம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று பேச்செடுத்தேன். அவர் என் முழங்காலைத் தொட்டு நிறுத்தினார்.

"வேணாம்ணே. அந்தத் தாய்க்கு ஏசுறதுக்கு ஒரு ஆள் போதும். ரெண்டு ஆள்னு தெரிஞ்சா நாளைக்கி ஒரு புள்ளைக்குச் சொகமில்லைன்னாலும் ஆசுபத்திரிப் பக்கமே வராது."

அது நல்ல காரணமாக இருந்தது, எனக்குத் தோதாகவும் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு இத்தனை வருடம் வாயை மூடிக்கொண்டேன்.

அவர் உடலைப் பார்க்க முத்துப்பேச்சி மலையிலிருந்து மகளோடு இறங்கி வந்திருந்தாள். மகள் வனிதாவுக்குப் பன்னிரண்டு வயது. மதுரையில் காது கேளாத பிள்ளைகளின் பள்ளியில் படிக்கிறாள், பேசுகிறவர்களின் உதட்டைப் பார்த்தே சொல்லைப் பிடித்துவிடுவாள். ஊரே பேசிக்கொண்டிருந்த அந்த வாசலில் அவள் கண் ஒவ்வொரு வாயாகத் தாண்டிக்கொண்டு வந்தது. என்னிடம் வந்ததும் நான் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டேன். அன்று வீட்டுக்கு வந்து என்னையே காறித் துப்பிக்கொள்ளலாம் போல இருந்தது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் மேகமலைக்குத் தனியாகப் போனேன். வனிதாவும் விடுமுறைக்கு வீட்டில் இருந்தாள். நான் சுவரோரம் இருட்டில் உட்கார்ந்தேன். அவள் என் தோளைப் பிடித்துச் சன்னலுக்கு நேரே திருப்பினாள். என் முகத்தில் வெளிச்சம் விழுந்தால்தானே அவளால் படிக்க முடியும். அந்த வெளிச்சத்தில் உட்கார்ந்து, நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக, சன்னலையும் குழாயையும் இரண்டு ரிப்போர்ட்டுகளையும் சொன்னேன்.

முத்துப்பேச்சி மகளைத் தன் பக்கம் இழுத்து உட்காரவைத்தாள். பிறகு கேட்டாள்: "அப்ப பன்னெண்டு வருசமா அந்த மனுசன நான் ஏசினதுல ஒங்களுக்கும் பங்கு உண்டா?"

"உண்டு."

"அது தெரிஞ்சேவா அவுக கைகட்டி நின்னாக?"

"தெரிஞ்சேதான்."

"எந்திரிச்சுப் போயிருங்கய்யா" என்றாள். எழுந்தேன்.

ஜீப்பில் ஏறப்போகும்போது வனிதா ஓடி வந்தாள். விரலால் என் உதட்டைக் காட்டி, இன்னொரு முறை என்று கையசைத்தாள். எதைக் கேட்கிறாள் என்று தெரிந்தது. வெளிச்சத்துக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு, "அவர் மட்டும் இல்லம்மா. நானும்தான்" என்றேன். கடைசிச் சொல்வரை பார்த்தாள். தலையை ஒருமுறை ஆட்டிவிட்டு வீட்டுக்குள் போனாள்.

இப்போது உங்களுக்கும் சொல்லிவிட்டேன். இனி அவரைத் 'திருவிழா' என்று நினைக்கிறவர்கள் என்னையும் சேர்த்து நினையுங்கள். அவருடையதாக என்னிடம் இருப்பது அந்தக் கருப்புத் துணி. ஓரம் நைந்துவிட்டது, ஆணிகள் துருப்பிடித்துவிட்டன. எனக்கு அடுத்து லேபுக்கு வரப்போகிற பெண்ணிடம் அதைக் கழற்ற வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். ஏன் என்று கேட்டாள். அதையும் சொல்லியிருக்கிறேன்.